காமாலைக்கு ஈரல் ஆகாது

ஆகஸ்ட் 9, சனி

இல்லை, வலிக்கவில்லை. யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வதாக இருக்கிறேன். ஒத்திகையும் பார்த்தாயிற்று. இதுவரை யாரும் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஏழு வாரம். வியாழக்கிழமை மருத்துவமனையில் ஒரு மாத்திரை. இன்று காலை அங்கேயே மீதி. மதியம் மூன்று மணிக்குள் முடிந்தது. படிவத்தில் இருந்த சொல் கருக்கலைப்பு. கலைக்கக்கூடியவை என்று எனக்கு அதுவரை தெரிந்தவை கோலம், தூக்கம், சட்டசபை.

முடிவு என்னுடையது. அதில் சந்தேகம் இல்லை. சந்தேகமே இல்லாமல் இருப்பதுதான் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

வியாழக்கிழமை எனக்கு ரத்தம் எடுத்தபோது கூட வந்திருந்த ர. மயங்கி விழுந்தான். எனக்காக விரித்த படுக்கையில் அவனைப் படுக்க வைத்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“சார் எப்பவும் இப்படித்தானாம்மா?” என்று நர்ஸ் கேட்டார்.

“தெரியல சிஸ்டர். நானும் இப்பதான் பாக்குறேன்.”

அப்போதுதான் கனகவல்லி மேடம் போன் செய்தார். நான் கெஸ்ட் லெக்சரராக இருக்கும் சமூகவியல் துறையின் தலைவர். “எங்கம்மா இருக்க? செகண்ட் ஹவர் உனக்குத்தானே?” எதிர்ச்சுவரில் ஒரு சுவரொட்டி. மஞ்சள் காமாலை, அறிகுறிகளும் தடுப்பு முறைகளும்.

“மஞ்சள் காமாலை மேம்” என்றேன்.

சுவரில் நாய்க்கடி ஒட்டியிருந்தால் நாய்க்கடி என்றிருப்பேன். மேடம் பதறிப்போய் என்னென்ன அறிகுறி என்று கேட்டார். சுவரொட்டியில் இருந்த ஏழையும் மேலிருந்து கீழாக வாசித்தேன். “எல்லாமே இருக்கா?” என்றார். “எல்லாமே இருக்கு மேம்.”

இன்று கிளம்பும்போது நர்ஸ் சொன்னது: இரும்புச்சத்து மாத்திரை இரண்டு மாதம். கீரை, பேரீச்சம்பழம். “ஈரல் நல்லா சாப்பிடும்மா. உனக்கு ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாவே போகுது.”

ர. ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டான். துக்கம் இன்னும் வந்து சேரவில்லை. கூரியர் போல, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருமோ என்னவோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூங்கினேன். எழுந்தேன். தூங்கினேன். கீழ்வீட்டில் தையல் மெஷின் நாள் முழுக்க ஓடியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை கல்லூரி வேன் வந்து ஒரு சாக்கு நிறையக் கீழாநெல்லியை இறக்கிவிட்டுப் போனது. மேடத்தின் தோட்டத்திலிருந்து. வேரோடு, மண்ணோடு, ஒரு நத்தையோடு.

இறக்கியது கீழ்வீட்டு வாசலில். அதனால் பிலோமினா அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் லேடீஸ் டைலர். நாற்பது வயது இருக்கும். இந்தத் தெருவில் பாதிப் பேரின் சுற்றளவு அவர் நோட்டில் இருக்கிறது. என்னுடையதும்தான். என் அக்கா அங்கையின் வளைகாப்புக்கு ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தேன். இரண்டாம் தேதி அளவெடுத்தார். டேப்பைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார். “தீபாவளிக்கு முப்பத்திரெண்டு. இப்ப முப்பத்து மூணரை. காலேஜ் கேன்டீன்ல நல்லாப் போடுறாங்க போல டீச்சர்” என்றார்.

இன்று சாக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

“என்னா டீச்சர், மாடு ஏதும் வாங்கியிருக்கியா?”

“காமாலைக்கா.”

“வேன்காரரும் அதான் சொன்னாரு.” என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “எத்தன நாளா?”

“வியாழக்கிழமைலேருந்து.”

“ம்.”

குளியலறை வாசலில் துணி ஊறவைத்த பக்கெட் இருந்தது. மேலே மூடி போட்டிருந்தேன். அவர் அந்த மூடியைப் பார்த்தார். போகும்போது நத்தையை மட்டும் எடுத்துச் சென்று முருங்கைமரத்தடியில் விட்டார்.

சாயங்காலம் அம்மா மணப்பாறையிலிருந்து போன். நான் எடுக்காவிட்டால் கூப்பிட, இந்தத் தெருவில் நான்கு பேரின் நம்பரை அம்மா வைத்திருக்கிறார். முதல் நம்பர் பிலோமினா அக்கா.

“காமாலைன்னு என்கிட்ட சொல்லணும்னு தோணலையாடி உனக்கு?”

“சின்னதாத்தாம்மா.”

“காமாலையில என்னடி சின்னது பெருசு? கீழாநெல்லி குடி. எண்ணெய் தொடாத. உப்பு தொடாத. கறி மீனு வாசனைகூடப் பட்டுறக் கூடாது. அப்புறம் இதைக் கேட்டுக்க. அது ஒட்டுவாரொட்டி. அக்கா ஏழு மாசம். நீ முப்பத்தொண்ணாந்தேதி கரூருக்கு வரவேணாம். போட்டோ அனுப்புறேன்.”

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரே பொய்யில் இரண்டு விடுப்பு. கல்லூரிக்கு ஒரு வாரம், வளைகாப்புக்கு ஒருநாள். அங்கையின் வயிற்றைப் பார்க்க வேண்டியதில்லை.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவின் உத்தரவு: உப்பில்லாத கஞ்சி. மேடத்தின் உத்தரவு: அரைத்த கீழாநெல்லி, மோரில், வெறும் வயிற்றில். நர்ஸின் உத்தரவு: ஈரல்.

கஞ்சியைக் குடித்தேன். கீழாநெல்லியைச் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினேன். இந்தத் தெருவில் காமாலையே வராத ஒரே உயிர் இனி அந்தச் செடிதான்.

ர. மெசேஜ்: நீ ஓகேயா? தினமும் காலை ஒன்பது பத்துக்கு வருகிறது. அவன் கம்பெனியில் டீ இடைவேளை.

ஓகே, என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஈரல் தேவை என்று முடிவு செய்தேன். மெஸ்ஸிலிருந்து ஈரல் வறுவல் பார்சல். துப்பட்டாவுக்குள் மறைத்து மாடியேறி, கதவைத் தாழிட்டு, ஜன்னலைச் சாத்தி, நான்கு ஊதுபத்தி ஏற்றி, தரையில் உட்கார்ந்து தின்றேன். பாதியில் கதவு தட்டப்பட்டது.

“என்னா டீச்சர், பூசையா?”

“ஆமாக்கா. வேண்டுதல்.”

“என்ன வாசன அது?”

“கீழாநெல்லிக்கா.”

கதவுக்கு அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“கீழாநெல்லிய மிளகு போட்டு வறுத்த மாதிரி இருக்கே” என்றார் பிலோமினா அக்கா. “காமாலைக்கு ஈரல் ஆகாது டீச்சர். சும்மா சொல்லி வைக்கிறேன்.” படியிறங்கிப் போனார்.

திறந்து பார்த்தால் வாசலில் ஒரு தூக்குவாளி. முருங்கைக்கீரைப் பொரியல். தேங்காய் தாராளமாக, எண்ணெய் அதைவிடத் தாராளமாக.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மா வீடியோ காலில் வருவதாகச் சொன்னார். முகத்தைப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடியில் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்ததே தவிர மஞ்சள் துளியும் இல்லை. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் குழைத்துக் கண்ணுக்கடியில், கன்னத்தில், நெற்றியில் தடவினேன். சமூகவியலில் முதுகலை, தங்கப் பதக்கம்.

அம்மா பார்த்ததும் அழுதுவிட்டார். “இப்படிப் பழுத்துக் கெடக்கியேடி.”

வைத்தபின் கழுவினேன். போகவில்லை. சோப்பு, கடலைமாவு, எலுமிச்சை. போகவில்லை. துணி காயப்போட மாடிச்சுவருக்கு வந்தபோது கீழிருந்து பிலோமினா அக்கா அண்ணாந்து பார்த்தார்.

“டீச்சர், காமாலைன்னா கண்ணுல மஞ்சளாவும். கன்னத்துல ஆவாது.”

“முத்திப்போச்சுக்கா.”

“ஆமா ஆமா. முத்துனா காதோரமா வழியும். தொடச்சுக்க.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருமுனையில் கொடியேற்றினார்கள். யாரோ ஒருவர் மாடிவரை வந்து மிட்டாய் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தே நீட்டினார்.

அங்கை போன் செய்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். முழுப்பெயர் அங்கயற்கண்ணி. என் முழுப்பெயர் கார்குழலி. அப்பா எங்களுக்குப் பெயர் வைத்தபோது பள்ளிக்கூடப் படிவங்களின் கட்டங்களை நினைத்துப் பார்க்கவில்லை.

“இந்த வாரம் முட்டைக்கோஸ் குழலி.”

அவள் போனில் ஒரு செயலி இருக்கிறது. வாராவாரம் குழந்தை எந்தக் காய் அளவு என்று சொல்லும். போன வாரம் கத்தரிக்காய். அங்கை எனக்கு மார்க்கெட் நிலவரம் போலப் படித்துக் காட்டுவாள்.

“முட்டைக்கோஸா, பெருசாச்சே” என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

“நீ வராட்டி யாருடி எனக்கு வளையல் போடுவா?”

“உன் மாமியார், நாத்தனார், அம்மா, கரூர்ல பாதி.”

“கைய ஒடச்சுருவாளுங்க.”

அது உண்மை. அங்கையின் கை அப்பாவின் கை. ரெண்டு பத்து அளவு வளையல்கூடக் கட்டைவிரல் எலும்பில் வந்து நிற்கும். ஒரு காய்கறிக் கவரைக் கையில் மாட்டி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருகி, கவர்மேல் வளையலை வழுக்க விடவேண்டும். பள்ளி நாட்களிலிருந்து அது என் வேலை. அம்மா போட்டால் உடையும். இப்போது கைவேறு வீங்கியிருக்கிறதாம். வளைகாப்பில் வளையல் உடைந்தால் குழந்தைக்குப் பத்து வயதாகும்வரை கரூர் அதைப் பற்றிப் பேசும்.

“மாமியார் ரெண்டு ஆறுல பன்னெண்டு டஜன் வாங்கி வச்சிருக்காங்கடி.”

“ரெண்டு ஆறா?”

“அவங்க வீட்டுல எல்லாருக்கும் குருவிக் கை.” அப்புறம் குரலைத் தணித்தாள். “நெசமாவே வரமாட்டியா?”

“ஒட்டுவாரொட்டி” என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஏழு வாரம் என்பது என்ன அளவு என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அவுரிநெல்லி, அதாவது ப்ளூபெர்ரி, என்று வந்தது. நான் அவுரிநெல்லி பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை எப்படி நினைத்துப் பார்ப்பது.

தில்லைநகரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். “ஐஸ்கிரீம் மேல போடுவாங்களே, அதா மேடம்?” என்று கேட்டு ஃப்ரீசருக்குள் கைவிட்டு ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சிறியது. நான் நினைத்ததைவிட. கொஞ்ச நேரத்தில் உருகிக் குழைந்துவிட்டது. உள்ளங்கை முழுக்க நீலம். கழுவினேன். இதுவும் போகவில்லை.

தண்ணீர் மோட்டார் போடச் சொல்லக் கீழே போனபோது பிலோமினா அக்கா கையைப் பார்த்தார்.

“மஞ்சக் காமாலை போயி நீலக் காமாலையா டீச்சர்?”

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. படியேறும்போதும் நிற்கவில்லை. மேலே வந்தபின் அது சிரிப்புத்தானா என்று பார்க்கக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். முகம் மஞ்சள், கை நீலம். முடிவாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். மாணவிகள் முதல் பெஞ்சைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிலோமினா அக்காவின் மருத்துவ அறிவு பற்றி ஒரு குறிப்பு.

சனிக்கிழமை எள்ளுருண்டை. ஞாயிறு பூண்டுக்குழம்பு. நேற்று உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் சாப்பிடு என்று எதிரிலேயே நின்றார்.

“காமாலைக்கு நல்லெண்ணெயாக்கா?”

“எங்க ஊர்ல இப்படித்தான்.”

“அம்மா எண்ணெயே தொடக் கூடாதுன்னாங்க.”

“அது மணப்பாறக் காமாலை. எங்க ஊர்க் காமாலைக்கு இடுப்புல வலு வேணும்.”

“காமாலை இடுப்புலயா வருது?”

“பேசாம முழுங்கு டீச்சர்.”

அவர் ஊர் எது என்று கேட்டதில்லை. அங்கே காமாலையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றும் தெரியவில்லை. ஆனால் இன்று எழுந்து நின்றபோது கண் இருட்டவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஆட்டோவில் போகும்போது ஒரு பெண் வளையல் தள்ளுவண்டி முன்னால் நின்று கையைக் குவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் வளையலைத் திருகி ஏற்றினார். அவர் திருகிய கோணம் தப்பு. நான் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, “கட்டைவெரல உள்ள மடக்குங்க” என்று கத்தினேன். ஆட்டோ டிரைவர், வண்டிக்காரர், அந்தப் பெண் மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் கரூருக்கு வருகிறேன் என்றேன்.

“காமாலையோடயா?”

“போயிருச்சும்மா.”

“போயிருச்சுன்னு யாரு சொன்னா? ரத்தம் டெஸ்ட் பண்ணி எழுதி வாங்கிட்டு வா. சம்பந்தி வீட்டுல கேப்பாங்க.”

வராத நோய் போய்விட்டது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். விடுப்பு இரண்டையும் ஒரே போனில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று எழுத வரவில்லை. வயிற்றைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருந்தால் இனி எப்போதும் பார்க்க மாட்டேனோ என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

எழுத வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லேப்காரர் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, “மேடம், உங்களுக்குக் காமாலை வந்த மாதிரியே தெரியலையே” என்றார்.

“கீழாநெல்லி சார்.”

அவர் தழையின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். காமாலையைக் காட்டும் பிலிருபின் வெறும் அரை. எல்லாரும் கைகூப்பினார்கள். கனகவல்லி மேடம் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டே வாரத்தில் கீழாநெல்லி செய்த வேலையைப் பாருங்கள் என்று என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டினார்கள். இயற்பியல் துறையிலிருந்து இரண்டு பேர் தழை கேட்டு வந்தார்கள். என் செம்பருத்தி ஆறு மொட்டு விட்டிருக்கிறது.

அங்கை மட்டும் குழுவில் ஒன்றும் போடவில்லை. தனியாகப் போன் செய்தாள்.

“ரிப்போர்ட் பாத்தேன்.”

“அரைதான் இருக்கு. தைரியமா வரலாம்.”

“ஹீமோகுளோபின் எட்டுப் புள்ளி ஒன்பதுடி.”

“அப்படியா.”

“போன வருசம் காலேஜ்ல ரத்ததானம் குடுத்துட்டு போட்டோ அனுப்புன. இப்ப ஏன் எட்டுப் புள்ளி ஒன்பது?”

“பீரியட்ஸ். கொஞ்சம் அதிகம்.”

“ம்” என்றாள். பிலோமினா அக்காவின் ம் போலவே. “பேரீச்சம்பழம் சாப்பிடு” என்று வைத்துவிட்டாள். இந்த வாரம் என்ன காய் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

மறுபரிசோதனை. ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்றார். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ஓனர் வந்து பார்த்துவிட்டுச் சொல்வது போல.

ர. ஓசூரிலிருந்து வந்திருந்தான். இந்த முறை விழுவதற்கு இடமில்லாதபடி ஸ்கேன் அறைக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். சுத்தமா இருக்காம் என்றேன். அழ ஆரம்பித்தான். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, “சார் மறுபடியுமா?” என்றார். “இல்ல சிஸ்டர், இது வேற” என்றேன். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அழுகை வரிசையில் முதலில் நின்றது நான்தான். அவன் முந்திவிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டான், “நம்ம ஓகேயா?”

முதல்முறையாக நம்ம என்கிறான். தெரியவில்லை என்றேன். அவனும் தெரியவில்லை என்றான். இதில் ஒத்துப்போனோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று அழுதது: குக்கர் கேஸ்கெட் காணவில்லை. கிடைத்தபின்னும் தொடர்ந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜாக்கெட் தயார் என்று பிலோமினா அக்கா கூப்பிட்டார். போட்டுப் பார்த்தேன். தொளதொள. மார்பில் ஒரு குட்டித் தலையணை வைக்கலாம். இரண்டாம் தேதி அளவு அது.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து டேப் வந்து சுற்றியது.

“முப்பத்திரெண்டு” என்றார். நோட்டைத் திறந்தார். என் பெயருக்குக் கீழே தீபாவளி 32. ஆகஸ்ட் 2, முப்பத்து மூன்றரை. அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு 32 என்று எழுதினார். எட்டு மாதம் முப்பத்திரண்டாக இருந்த ஒரு உடம்பு, ஏறியது, இறங்கியது. பென்சிலில், மூன்று வரி. நானே என்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

“காமாலையில இப்படி ஆவும் டீச்சர்” என்றார், நோட்டை மூடாமல்.

“ஆகுமாக்கா?”

“எங்க ஊர்ல ஆவும்.”

“உங்க ஊரு எதுக்கா?”

“இதான்.” ஜன்னல் பக்கம் டேப்பை நீட்டிக் காட்டினார். “அந்தப் பச்சக் கதவு வீட்டுல பொறந்தேன். இந்தத் தெருவ விட்டுத் தாண்டுனதில்ல.”

மெஷின்மேல் பாதி தைத்த யூனிஃபார்ம் கிடந்தது. அதை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“எனக்கும் வந்துருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ. பின்னாடி ஒரு தடவ.”

“காமாலையா?”

“காமாலதான். மொதத் தடவ ஒருத்தரும் களி கிண்டித் தரல. அன்னிக்கெல்லாம் எனக்கு ஈரல் வாங்கவும் தெரியாது, ஊதுவத்தி ஏத்தவும் தெரியாது.” என் தோளில் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, தொளதொளத்த இடங்களை மடித்துக் குண்டூசிகள் குத்தினார். “கோயில்ல போயி ஃபாதர்கிட்ட சொல்லலாம்னு வரிசையில நின்னேன். என் முறை வந்ததும் பக்கத்து வீட்டுக் கோழி முட்டைய எடுத்துட்டேன் ஃபாதர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அது வந்தது. மூன்று வாரமாக எதிர்பார்த்த கூரியர். ஆள் வீட்டில் இல்லாத நேரம்தான். கீழ்வீட்டில், அரைகுறை ஜாக்கெட்டோடு, குண்டூசிகள் குத்த. பிலோமினா அக்கா அணைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். கடைசி ஊசியை எடுத்தபின் டிவியின் சத்தத்தைக் கூட்டினார், தெருவுக்குக் கேட்காமலிருக்க.

பிறகு ஊசிகளைத் துப்பிவிட்டு, “கழட்டு. உள்ள ஒரு தையல் போட்டுத் தரேன். துணிய வெட்ட மாட்டேன், மடிச்சுத்தான் தைப்பேன். எப்பவாச்சும் வேணும்னா பிரிச்சுக்கலாம். வேணாம்னா அப்படியே கெடக்கட்டும்” என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

நாளை கரூர். ஜாக்கெட் கச்சிதம். காய்கறிக் கவர் நான்கு எடுத்து வைத்தேன், மெல்லிசாக, ஓட்டையில்லாததாகப் பார்த்து. பயம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று பஸ்ஸில் திரும்பும்போதே தூங்கிவிட்டேன். அதனால் இன்று எழுதுகிறேன்.

அங்கையின் மாமியார் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. பதினோரு பெண்கள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். பதினோரு பேரும் மஞ்சள் இல்லை என்றார்கள். நான்கு பேர் வெளுத்திருக்கிறது என்றார்கள். ஒருவர் மட்டும் கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அம்மா ரிப்போர்ட்டை லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருந்தார்.

அங்கை மணையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டு. வயிற்றைப் பார்த்தேன். முட்டைக்கோஸ் எல்லாம் தாண்டிவிட்டது. பார்த்ததும் ஏதாவது நேரும் என்று நினைத்திருந்தேன். என்ன நேர்ந்தது என்றால், அதன்மேல் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கை மூக்கைச் சொறிந்தாள். மேசை மாதிரி வைத்திருக்கிறாள்.

முதலில் வேப்பிலைக் காப்பு. அப்புறம் மாமியார் ஒரு கண்ணாடி வளையலை எடுத்து அழுத்தினார். எலும்பில் நின்றது. நாத்தனார் ஒரு கை கொடுத்தார். அங்கை பல்லைக் கடித்தாள். கூடம் முழுக்க மூச்சை நிறுத்தியது.

“குழலி” என்றாள் அங்கை.

நான் போய் உட்கார்ந்து கைப்பையிலிருந்து கவரை எடுத்தேன். “கவரா?” என்றார் சம்பந்தியம்மா. “தொழில் ரகசியம்ங்க” என்றேன். கையில் மாட்டினேன். கட்டைவிரலை மடக்கினேன். திருகினேன். ரெண்டு ஆறு வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அடுத்து நாத்தனார் ஆரத்திப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். நல்ல உரத்த குரல். எங்கள் தலை இரண்டும் ஒட்டியிருந்தன.

“அங்கை, எனக்குக் காமாலை வரவே இல்ல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அம்மாவுக்கு அந்த ரிப்போர்ட்ல ஒரு வரிதான் படிக்கத் தெரியும். நான் மாசாமாசம் மொத்தத்தையும் படிக்கிறேன்டி.” கையை நீட்டினாள். “அடுத்தது போடு. பாக்குறாங்க.”

போட்டேன்.

“எத்தன வாரம்?”

“ஏழு.”

“அதான் காய் சொல்றப்பல்லாம் குரல் ஒரு மாதிரி போச்சா? வாயத் தொறந்து சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல, எரும.” அவள் கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குரல் இன்னும் இறங்கியது. “வலிச்சுதாடி?”

பதில் தயாராக இருந்தது. மூன்று வாரம் ஒத்திகை பார்த்தது. நோட்டில் முதல் வரியாகவே எழுதி வைத்தது.

“ஆமா” என்றேன்.

கவருக்குள் இருந்த அவள் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. கவர் சரசரவென்று சத்தம் போட்டது. “தங்கச்சி, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க” என்றார் போட்டோகிராபர். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தோம், கண்ணும் மூக்கும் ஒழுக. அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம், “அக்கான்னா உசுரு அவளுக்கு” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

கைக்கு இருபத்தொன்று. இரண்டு கையிலும் ஒன்றுகூட உடையவில்லை. முடித்ததும் மூன்று பேர் தங்கள் வீட்டு வளைகாப்புக்குத் தேதி சொன்னார்கள்.

இன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வரும் வழியில் கால் கிலோ ஈரல் வாங்கினேன். ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து மிளகு போட்டு வறுத்தேன். பாதியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

பிலோமினா அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். “காமாலைக்கு ஈரல் ஆகாதே டீச்சர்.”

“எங்க ஊர்ல ஆகும்க்கா” என்றேன்.

மெஷின்மேல் கிடந்த துணியை நகர்த்தி இடம் செய்தார். சாப்பிட்டோம். அதன்பின் மேலே வந்து, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாளை செகண்ட் ஹவருக்கான நோட்ஸ் எடுத்து வைத்தேன்.